வெளிநாட்டு டிரெய்லர் துறைமுகம் வந்தா போதுமா? ஆண்டிபட்டி கணவாய் ஏறும் முன்பு தட்ட வேண்டிய கதவுகள்!

ஆண்டிபட்டி:-

ஆண்டிபட்டி கணவாயில் காற்றாலை இறக்கை ஏற்றிய ராட்சத டிரெய்லர் ஏறுகிறது என்றால் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுவில் தெரு நீளத்துக்கு வெள்ளை இறக்கை. வளைவில் திரும்பும்வரை மதுரை பஸ், பால் வண்டி, பள்ளிக்கூட வேன் எல்லாம் வரிசை கட்டி நிற்கும்.

'இந்த மாதிரி ஒரு வண்டி நம்மகிட்ட இருந்தா...' என்ற ஆசை லாரி தொழிலில் இருப்பவர்களுக்கு வராமல் இருக்காது. வெளிநாட்டில் பழைய டிரெய்லர் சல்லிசாகக் கிடைக்கிறது, கப்பலில் ஏற்றி இறக்கினால் போதும், காசு கொட்டும் என்று ஆசை காட்டும் புரோக்கர்களுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் கப்பலில் வந்து இறங்கிவிட்டால் கதை முடிந்ததா? இல்லவே இல்லை. கதையே அங்கேதான் ஆரம்பம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வண்டி வாங்குகிறவரும், அந்த வண்டியில் கூலிக்கு ஏறும் லோடுமேனும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இவை.

வெளிநாட்டு வண்டி எதற்கு?

தேனி மாவட்டத்தில் கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பி ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் ஏராளமான காற்றாலைகள் நிற்கின்றன. டவர், இறக்கை, மேலே உட்காரும் இயந்திரப் பெட்டி எல்லாம் ரோட்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். மதுரையில் இருந்து தேனிக்கு 2022-ல் அகல ரயில் வந்துவிட்டாலும், இறக்கையை ரயிலில் ஏற்றி காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. தூத்துக்குடி துறைமுகத்தில் 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகளே கையாளப்பட்டிருக்கின்றன.

சாதாரண டிரெய்லருக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. நாமக்கல், சங்ககிரி பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. ஜே.சி.பி., பொக்லைன் ஏற்றும் லோ-பெட் வண்டியும் உள்நாட்டிலேயே கிடைக்கிறது.

பிரச்சினை, 100 டன், 200 டன் என்று ஒரே பொருளாக வரும்போதுதான். அதற்கு 'ஹைட்ராலிக் ஆக்சில்' டிரெய்லர் வேண்டும். வரிசை வரிசையாக சக்கரம் இருக்கும். பள்ளம் மேடு வந்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக ஏறி இறங்கி பாரத்தை சமமாகப் பிரித்துக்கொள்ளும். வளைவில் பின் சக்கரங்களும் சேர்ந்து திரும்பும். ஜெர்மனியின் கோல்டுஹோபர், ஷோயர்லே, பிரான்சின் நிகோலா, இத்தாலியின் கொமெட்டோ ஆகியவை இந்த வண்டிக்கு உலகம் முழுக்க பெயர் பெற்ற கம்பெனிகள். இப்போது இந்தியாவிலும் இந்த வகை வண்டி தயாராகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் கதவு: துறைமுகம்

'டிரெய்லருக்கு இன்ஜின் கிடையாதே, அது வண்டியே இல்லையே, வெறும் இரும்புதானே' என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடங்கும். சுங்க இலாகா பட்டியலிலும் வண்டிகளுக்கான 87-வது அத்தியாயத்தில் 8716 என்ற தலைப்பில் டிரெய்லருக்கு தனி இடம் உண்டு.

புது வண்டி என்றால் விலைக்கு மேல் கப்பல் வாடகை, சுங்க வரி, ஜி.எஸ்.டி., துறைமுகக் கூலி என்று வரிசையாக வரும். பேப்பர் சரியில்லாமல் துறைமுகத்தில் வண்டி தங்கினால், தங்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறிக்கொண்டே போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

பழைய வண்டி என்றால் இன்னும் கறார். பழைய வாகனத்தை இறக்குமதி செய்ய மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக விதிகளில் வைத்திருக்கும் நிபந்தனை, தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது. அதோடு இன்னும் 5 வருடமாவது ரோட்டில் ஓடும் தகுதி வேண்டும். தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே இறக்கவும் முடியாது. பழைய வாகனம் மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும்.

அதனால் 'பத்து வருஷ வண்டி, பாதி விலை' என்று யாராவது சொன்னால் உஷார்! முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த வண்டியை இறக்கலாமா கூடாதா என்று சுங்க ஏஜெண்டிடம் எழுத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

இரண்டாவது கதவு: சோதனை

சுங்க இலாகா விட்டுவிட்டால் ரோட்டில் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 126-ன்படி வண்டி தயாரிப்பவரும், இறக்குமதி செய்பவரும் மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதனைக்கு விட்டு சான்றிதழ் வாங்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., அரியானா மானேசரில் ஐகேட் என்று மையங்கள் உண்டு. நம் பக்கம் சென்னை ஒரகடத்திலும் ஒரு மையம் இருக்கிறது.

டிரெய்லருக்கென்றே ஏ.ஐ.எஸ்.113 என்ற தனி விதிமுறை இருக்கிறது. பிரேக், லைட், கப்ளிங், பின்னால் மோதும் வண்டி உள்ளே புகாமல் தடுக்கும் இரும்புத் தடுப்பு, பக்கவாட்டு தடுப்பு, இரவில் மின்னும் ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் பார்ப்பார்கள்.

வெளிநாட்டு வண்டி மாட்டிக்கொள்வது இங்கேதான். அமெரிக்க டிரெய்லரின் லைட் 12 வோல்ட். நம்மூர் லாரி 24 வோல்ட். அப்படியே மாட்டினால் பல்பு போய்விடும். டிரெய்லரையும் புல்லர் லாரியையும் இணைக்கும் 'கிங் பின்' இரண்டு அங்குலத்திலும் வரும், மூன்றரை அங்குலத்திலும் வரும். லாரியில் இருக்கும் தட்டு ஒன்று, டிரெய்லரில் இருக்கும் பின் ஒன்று என்றால் பொருந்தாது. டயர் அளவு நம்மூரில் கிடைக்காததாக இருந்தால், ஒரு டயர் வெடித்தாலும் வண்டி வாரக்கணக்கில் நிற்கும்.

வெல்டிங் பட்டறையில் வைத்து சரி செய்துவிடலாமே என்றால் அதுவும் வம்பு. பதிவு செய்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது.

மூன்றாவது கதவு: ஆர்.டி.ஓ. ஆபீஸ்

லாரிக்கு ஒரு ஆர்.சி. புக் இருந்தால் டிரெய்லருக்கும் அதுவே போதும் என்பதும் தப்பு. டிரெய்லருக்கு தனி பதிவு, தனி நம்பர், தனி எப்.சி. உண்டு. தேனி மாவட்டம் என்றால் டி.என்.60 வரிசை. வெளிநாட்டு வண்டிக்கு வழக்கமான விண்ணப்பம், விற்பனை சான்று, ரோட்டுக்கு தகுதியானது என்ற படிவம், இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு சுங்க இலாகா கொடுத்த அனுமதி சான்றும் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். சேஸ் நம்பர் ஒரு எழுத்து மாறி இருந்தாலும் பேப்பர் திரும்பி வரும்.

சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எப்.சி. எடுக்க வேண்டும்.

பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் 10 ஆயிரம் வரை அபராதமோ, ஓராண்டு வரை ஜெயிலோ உண்டு. இது ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவருக்கும் பொருந்தும்.

நான்காவது கதவு: ஒவ்வொரு டிரிப்புக்கும் அனுமதி

சாதாரணமாக வண்டி அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. பாரத்துக்கும் கணக்கு உண்டு. 2018-ல் மத்திய அரசு லோடு அளவை உயர்த்தியது. 4 டயர் உள்ள ஒரு ஆக்சிலுக்கு 10.2 டன் இருந்தது 11.5 டன் ஆனது. லாரியும் டிரெய்லரும் சேர்ந்து அதிகபட்சம் 55 டன். ஹைட்ராலிக் டிரெய்லருக்கு மட்டும் 8 டயர் கொண்ட ஒரு வரிசைக்கு 18 டன் என்று தனிக் கணக்கு.

இந்த அளவை மீறும் ஒற்றைப் பொருளை ஏற்றினால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அனுமதி வேண்டும். எந்த ரோடு, எந்தப் பாலம், மொத்த எடை எவ்வளவு, ஒரு ஆக்சிலுக்கு எவ்வளவு என்று விவரம் கொடுக்க வேண்டும். ஆண்டிபட்டி வழியாகப் போகும் கொச்சி - தொண்டி ரோடு 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. எனவே நெடுஞ்சாலைத் துறையின் ஒப்புதல் இல்லாமல் இங்கே பெரிய லோடு நகர முடியாது. போடிமெட்டு பக்கம் 17 கொண்டை ஊசி வளைவு இருப்பதால் நீள வண்டிக்கு அந்த வழி கனவிலும் வேண்டாம்!

அனுமதி இல்லாமல் ஓவர்லோடு ஏற்றினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி 20 ஆயிரம் ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். அதாவது 10 டன் கூடினால் 40 ஆயிரம். அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் தலையில் விழும்.

ஒரு வருஷம் ஓடிய லாரி!

எல்லா அனுமதியும் கையில் இருந்தாலும் ரோடு விட்டுக்கொடுக்காது என்பதற்கு நாடே வேடிக்கை பார்த்த ஓர் உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு 70 டன் எடையுள்ள ராட்சத இயந்திரம் ஒன்று மகாராஷ்டிராவில் இருந்து 74 சக்கர வண்டியில் 2019 ஜூலையில் கிளம்பியது. தூரம் சுமார் 1,700 கிலோ மீட்டர். போய்ச் சேர்ந்ததோ 2020 ஜூலையில்! கூடவே 32 பேர் போனார்கள். ஒரு நாளைக்கு சுமார் 5 கிலோ மீட்டர். வழியில் பாலத்தை பலப்படுத்தி, மரத்தை வெட்டி, கரண்டு கம்பியை தூக்கி, இடையில் கொரோனா ஊரடங்கிலும் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது அந்த வண்டி.

அரசு நிறுவனத்தின் சரக்குக்கே இந்த கதி. ஒரே ஒரு டிரெய்லரை கடனில் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிற சின்ன ஓனர், இப்படி வழியில் ஒரு மாதம் நின்றாலே கதி என்ன?

கடைசியில் பலி யார்?

வண்டி போனால் ஓனருக்கு பணம் நஷ்டம். ஆனால் விபத்து நடந்தால்? கணவாய் பகுதியில் அடிபட்டவர்களை க.விலக்கு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகிறார்கள். சிகிச்சை முடிந்து நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போகும்போதுதான் பேப்பர் விவகாரம் வெடிக்கும்.

டிரெய்லர் பதிவாகவில்லை, எப்.சி. இல்லை, இன்சூரன்சில் டிரெய்லர் சேர்க்கப்படவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி கிடைத்துவிடும். இது ராட்சத வண்டிக்கு மட்டுமல்ல, நம்மூர் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே சட்டம்தான். 2004-ல் காய்கறியோடு டிராக்டர் டிரெய்லரில் போனவர் இறந்த வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்றது சுப்ரீம் கோர்ட். 2007-ல் வந்த இன்னொரு வழக்கில் டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. அடிபட்டது கூலித் தொழிலாளி. கம்பெனிக்கு பொறுப்பு இல்லை என்றாலும், அவரது ஏழ்மையைப் பார்த்து முதலில் கம்பெனியே பணத்தைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சுப்ரீம் கோர்ட் இரக்கம் காட்டியது. எல்லா வழக்கிலும் இப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

என்ன செய்யணும்?

வாங்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் வேலைக்கு ஆள் இருக்கிறதா, எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று பார்க்கணும். அடுத்து அந்த மாடலுக்கு இந்தியாவில் சோதனை சான்றிதழ் உண்டா என்று கேட்கணும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவுக்கு வழி இருக்கிறதா என்று விசாரிக்கணும். கப்பல் புக்கிங் கடைசியில்தான். வருடத்துக்கு ஓரிரு வேலைதான் என்றால் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே லாபம்.

டிரைவர், கிளீனர், லோடுமேன்களும் ஏறும் முன்பு மூன்று விஷயம் கேட்கலாம். டிரெய்லருக்கு தனி நம்பர் இருக்கா? எப்.சி. உயிரோடு இருக்கா? இன்சூரன்சில் டிரெய்லர் சேர்ந்திருக்கா? கேட்டால் ஓனர் முகம் சுளிக்கலாம். கேட்காமல் ஏறினால் நாளைக்கு குடும்பம் கோர்ட் படியில் நிற்க வேண்டி வரும்.

அதிகாரிகள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் பெரிய லோடு கணவாய் ஏறும் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்சும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் நடு ரோட்டில் தவிக்க வேண்டியதில்லை. காற்றாலை மின்சாரம் ஊருக்கெல்லாம் போகிறது. அதற்காக வழிவிட்டு நிற்கும் ஆண்டிபட்டி மக்களுக்கு இந்த தகவலாவது கிடைக்க வேண்டாமா?