கரடிக்கு நீட்டப்படும் பிரசாதம்: விலை கொடுப்பது யார்?

ராய்ப்பூர்: சத்தீஸ்கர் மாநிலம் மகாசமுந்த் மாவட்டத்தில், பாக்பஹரா நகரை அடுத்துள்ளது குஞ்சாபாலி கிராமம். அங்குள்ள சண்டி மாதா கோயிலுக்கு மாலை வேளைகளில் காட்டுக் கரடிகள் வந்து செல்வது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பக்தர்கள் தேங்காய்த் துண்டு, நிலக்கடலை, பிஸ்கட் ஆகியவற்றை நீட்ட, கரடிகள் வாங்கித் தின்கின்றன. குளிர்பானப் பாட்டிலைத் திறந்து கொடுப்போரும் உண்டு. அம்மனை வணங்க வரும் கரடிகள் என்ற குறிப்புடன் இக்காட்சிகள் சமூக வலைதளங்களில் அவ்வப்போது பரவுகின்றன. கரடியின் அருகே நின்று செல்ஃபி எடுப்பதற்காகவே வருவோரும் கூட்டத்தில் சேர்ந்துள்ளனர்.

இக்கரடிகள் யாரையும் தாக்கியதில்லை என்று உள்ளூர் மக்கள் பெருமையுடன் கூறுகின்றனர். அவர்களது நம்பிக்கையை ஏளனம் செய்யத் தேவையில்லை. ஆனால் இதே மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு கரடி, வனத்துறை அலுவலர் ஒருவர் உட்பட மூவரைக் கொன்றது. இறுதியில் காவல்துறையினர் அதனைச் சுட்டுக் கொன்றனர். அச்சம்பவத்தையும் கோயிலையும் முடிச்சுப் போடுவது பொருத்தமன்று. எனினும் இரண்டிலும் வருவது ஒரே இனக் கரடிதான். கோயில் படிக்கட்டில் நிற்பதால் அதன் இயல்பு மாறிவிடுவதில்லை.

காட்டு விலங்கைச் சாது என்று எண்ணி நெருங்குவது எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை மாநிலமான ஒடிசாவில் ஒரு கொடிய சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம், நபரங்பூர் மாவட்டத்தில், திருமண நிகழ்ச்சியிலிருந்து சிலரை வாகனத்தில் அழைத்து வந்த ஓட்டுநர் ஒருவர் வழியில் இறங்கினார். குளத்தருகே காயமடைந்த கரடி ஒன்று தென்பட்டது. உடன் வந்தவர்கள் தடுத்தும் கேளாமல், செல்ஃபி எடுக்க அதனை நெருங்கினார். கால் இடறி விழுந்தவரைக் கரடி பற்றிக்கொண்டது. அவர் அங்கேயே உயிரிழந்தார். கரடியின் மீது பாய்ந்து தடுக்க முயன்றது ஒரு தெருநாய். சுற்றி நின்றவர்களில் சிலர் அதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தனர்.

புலியோடு வாழ்ந்த விலங்கு

இந்தியக் காடுகளில் பரவலாகக் காணப்படுவது, நீண்ட கருமுடியும் மார்பில் வெளிறிய வளைவும் கொண்ட ஸ்லாத் கரடி. கறையான், எறும்பு, தேன், பழங்கள் ஆகியவையே இதன் முதன்மை உணவு. மேல்தாடையின் முன்பற்களில் இரண்டு இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சித் தின்கிறது. மனிதரை இரையாக எண்ணித் தேடி வரும் விலங்கு அன்று.

அப்படியிருக்க, இவ்வளவு மூர்க்கமாகத் தாக்குவது ஏன்? இக்கரடி புலியுடன் ஒரே காட்டில் வாழ்ந்து பரிணமித்தது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். புலியிடம் ஓடித் தப்புவது கடினம். ஆகவே அச்சம் ஏற்பட்டால் எதிர்த்துப் பாய்வது இதன் இயல்பாயிற்று. மோப்பம் கூர்மையானது, பார்வையும் செவியும் அந்த அளவுக்கு இல்லை. புற்றைத் தோண்டுவதில் மூழ்கியிருக்கும் கரடி, மனிதர் மிக அருகில் வந்த பிறகே உணர்கிறது. குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும் தாய்க்கரடி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். புற்றை உடைக்கும் அதே நீண்ட நகங்கள் தலையையும் முகத்தையும் கிழிக்கின்றன. உயிர் தப்பியோரில் பலர் கண்ணையோ மூக்கையோ இழந்தவர்கள்.

இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்பதை, கரடி கும்பிடுவதாகவும் உணவு கேட்பதாகவும் பலர் எண்ணுகின்றனர். காற்றில் வரும் வாடையை அறிந்து, எதிரே இருப்பது என்னவென்று கணிக்கவே அது பெரும்பாலும் அவ்வாறு நிற்கிறது.

இலுப்பை மரத்தடியில்

செல்ஃபி எடுப்பவரின் உயிர் அவர் பொறுப்பு என்று சிலர் வாதிடக்கூடும். ஆபத்து அவரோடு முடிந்துவிடுவதாக இருந்தால் அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கும்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது நம் பழமொழி. சத்தீஸ்கர் பழங்குடியினருக்கு அப்பூ ஆண்டு வருமானத்தின் ஒரு பகுதி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவில் உதிரும் பூக்களைப் பொறுக்க, விடியுமுன்பே பெண்களும் பிள்ளைகளும் மரத்தடிக்குச் செல்கின்றனர். கரடிக்கும் இலுப்பைப்பூ என்றால் உயிர். அடுத்து பீடி இலை பறிக்கும் பருவம் வருகிறது. அம்மாநிலத்தின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை நிகழ்ந்த 137 கரடித் தாக்குதல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். காட்டையும் வயலையும் நம்பி வாழும் கிராமத்தினரே இத்தாக்குதல்களுக்கு ஆளானவர்கள்.

மனிதர் கையிலிருந்து உணவு பெற்றுப் பழகிய கரடி, மனித வாடையை உணவோடு இணைத்துக்கொள்கிறது. பிஸ்கட் கொடுத்தவர் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார். கரடி மறுநாள் நெருங்குவது, வெறுங்கையுடன் பூப்பொறுக்க வந்த ஒரு பெண்ணையாக இருக்கலாம். நீலகிரியில் விளக்கேற்ற வைத்திருக்கும் எண்ணெயைத் தேடிக் கோயில் கதவுகளைக் கரடிகள் உடைப்பது தமிழக வாசகர்களுக்குப் புதிதன்று. எளிதில் கிடைக்கும் உணவின் சுவையைக் கரடி மறப்பதில்லை.

சட்டம் இங்கே முழுமையாகக் கைகொடுக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இக்கரடி முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இரை வைத்து ஈர்ப்பதும் அச்சட்டத்தின்படி வேட்டையே. சரணாலயத்திற்குள் விலங்குகளைச் சீண்டவும் தடை உண்டு. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, கோயில் வாசலில், வேட்டை எண்ணம் சிறிதுமின்றி நீட்டப்படும் தேங்காய்த் துண்டை எந்தப் பிரிவின்கீழ் தடுப்பது? ஐரோப்பாவிலேயே கரடிகள் மிகுந்த நாடுகளில் ஒன்றான ருமேனியாவில், கரடிக்கு உணவளித்தால் அபராதம் உண்டு. அப்படியும் 2025ஆம் ஆண்டு ஜூலையில், மலைச்சாலையோரம் கரடியை நெருங்கிப் படம் எடுத்த இத்தாலியச் சுற்றுலாப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார்.

உணவளிப்பதை ஒரே நாளில் நிறுத்துவதும் சிக்கலானது. பழகிய கரடிகள் பசியுடன் வீடுகளைத் தேடிப் புறப்படும். பார்வையாளரை முதலில் தொலைவில் நிறுத்தி, பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் உடனடியாக விலக்கி, மற்றவற்றைப் படிப்படியாகக் குறைப்பதே நடைமுறைக்கு உகந்தது. அதற்குக் கோயில் நிர்வாகத்தின் ஒத்துழைப்பின்றி வனத்துறையால் மட்டும் எதுவும் செய்ய இயலாது.

வனவிலங்குத் தாக்குதலில் உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் வழங்கப்படும் நிவாரணத்தை மத்திய அரசு 2023ஆம் ஆண்டு இறுதியில் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. பலத்த காயத்துக்கு 2 லட்சம். ஒரு கண் போய், தாடை உடைந்து, மறு பருவத்தில் காட்டுக்குச் செல்ல அஞ்சும் ஒருவரை இவ்விரண்டில் எதில் சேர்ப்பது என்பதை மருத்துவச் சான்றிதழ்தான் முடிவு செய்கிறது. அச்சான்றிதழுக்காக மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியவர் இலுப்பைப்பூ பொறுக்கச் சென்றவரே.