மண்வெட்டி எடுக்குமுன் ஒரு வார்த்தை

வீட்டில் ஒரு பள்ளம் தோண்ட வேண்டுமென்றால் நமக்கு எத்தனையோ கவலை. நல்ல நாள் பார்க்க வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று யோசிக்க வேண்டும். ஆனால், அந்த மண்ணுக்கு அடியில் ஏற்கனவே ஏதாவது குடியிருக்கிறதா என்ற கேள்வி மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை.

என் தங்கையின் பெண் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பழைய வீடு ஒன்றை வாங்கி, வாசல் மதிலை ஒட்டித் தண்ணீருக்கு ஒரு ஸம்ப் கட்டத் தீர்மானித்தார்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு மேஸ்திரியும் ஓர் ஆளும் வந்து சேர்ந்தார்கள்.

“இங்கே அடியிலே கம்பி, குழாய் ஏதாவது போகுமா, மேஸ்திரி?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“இருபது வருஷமா இந்த ஊர்லேதான் பள்ளம் வெட்டறேன். ஒண்ணும் இருக்காதும்மா!” என்று அவர் முடித்துவிட்டார்.

முழங்கால் அளவு பள்ளம் ஆனதும் மண்வெட்டியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாடா சிக்கியது. ஆள் அதைப் பிடுங்கி மண்ணோடு எறிந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார், “அது என்னடி அம்மா, கல்யாண வீட்டு ரிப்பன் மாதிரி?” என்று கேட்டார். இவள் எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். ‘அபாயம்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக அச்சிட்டிருந்தது.

“போதும், நிறுத்துங்கள்!”

“வேலை கெட்டுப் போகுமேம்மா, அரை நாள் கூலி...”

“கூலியை நான் தருகிறேன். முதலில் கடப்பாரையைக் கீழே வையுங்கள்.”

பிற்பகல் மின்வாரியத்திலிருந்து இருவர் வந்து கையாலேயே மண்ணை விலக்கினார்கள். மணல், மணலுக்குக் கீழே வரிசையாகச் செங்கல், செங்கல்லுக்குக் கீழே மணிக்கட்டுப் பருமனில் ஒரு கேபிள். தெரு முழுவதற்கும் அதில்தான் மின்சாரம் போய்க் கொண்டிருந்தது!

தெருக் கேபிள் வீட்டுக்குள் எப்படி வந்தது? முன்பு அந்த வீட்டில் இருந்தவர் மதிலை ஒரு முழம் முன்னே தள்ளிக் கட்டியிருந்தார். மதில் நகர்ந்தது, கேபிள் நகரவில்லை. அந்தப் பள்ளத்தில் செருப்புக்கூட இல்லாமல் ஒரு பையன் நின்று கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பூமிக்கு மேலே தொழிற்சாலைகள் பெருகியது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கீழே பெருகியது தெரிவதில்லை. மீஞ்சூருக்குப் பக்கத்தில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தயாரிக்கக் கூடியது. அந்த நீர் போவது மண்ணுக்கடியில் குழாய் வழியாக. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் இயற்கை எரிவாயு முனையம் வந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் அடுப்பங்கரைக்கே குழாயில் வாயு கொண்டுவரும் வேலையும் நடக்கிறது. இவற்றோடு டெலிபோன், இன்டர்நெட் கம்பிகள் வேறு.

மனை வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்து கொள்ள வேண்டும். எண்ணெய்க் குழாயும் எரிவாயுக் குழாயும் போகும் நிலங்களுக்கென்று 1962-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நிலம் நம்முடையதாகவே இருக்கும். ஆனால் குழாய்ப் பாதையின் மேல் வீடு கட்டவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. வயலோரத்தில் எச்சரிக்கை எழுதிய சிறு கம்பங்கள் நின்றால், அவை எதற்கு என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுத்து விடாதீர்கள்.

அமெரிக்காவில் 2007-லிருந்து இதற்கென்றே 811 என்று ஒரு டெலிபோன் எண் இருக்கிறது. தோண்டுவதற்குச் சில நாள் முன்பு கூப்பிட்டுச் சொன்னால், ஆள் வந்து தரையில் வர்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்: மின்சாரத்துக்குச் சிவப்பு, வாயுவுக்கு மஞ்சள், டெலிபோனுக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. நம் நாட்டிலும் 2023 மார்ச் 22-ந் தேதி ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற கைபேசிச் செயலியை அரசாங்கம் தொடங்கியது. தோண்டப் போகும் இடத்தை அதில் தெரிவித்தால், அங்கே கம்பியும் குழாயும் போட்டிருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போகும். கேளாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது அரசாங்கமே கணக்குச் சொன்னது.

செயலி ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் வீட்டில் செய்யக் கூடியவை இவை:

முதலில் கண்ணால் பாருங்கள். மின் மீட்டருக்குக் கம்பி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? தெருக் கம்பத்திலிருந்து குழாய்க்குள் புகுந்து மண்ணில் இறங்கும் கேபிள் உண்டா? பாதாளச் சாக்கடை மூடிகள் எந்த நேர்கோட்டில் இருக்கின்றன? வீட்டை விற்றவரையும், பக்கத்து வீட்டில் நெடுநாள் இருப்பவரையும் கேளுங்கள்.

பிறகு மின்வாரியம், ஊராட்சி அல்லது நகராட்சி, வாயு வந்திருந்தால் அந்தக் கம்பெனி ஆகியவற்றில் விசாரியுங்கள். கம்பி போகும் தடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அவர்களிடம் கிடைக்கலாம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக் காட்டுவார். மின்சாரத்தை அந்தத் தேங்காய் காட்டாது! கருவியும் சர்வ வல்லமை உடையதல்ல. உலோகத்தைத் தேடும் கருவிக்குப் பிளாஸ்டிக் குழாய் அகப்படாது.

தெரிந்த தடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் இழுத்துவிடுங்கள். கோலம் போடத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா? அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டடிக்குள் இயந்திரமும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். மண்வெட்டியால் மெல்லச் செதுக்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டு விதிப்படி சாதாரண மின் கேபிள் முக்கால் மீட்டர் ஆழத்திலும், 11,000 வோல்ட் கேபிள் தொண்ணூறு சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆனால் மேலே மண் போட்டிருப்பார்கள், அல்லது வழித்திருப்பார்கள். ஆகையால் ஆழத்தை நம்பாதீர்கள். நாடா, தனி மணல், செங்கல் வரிசை, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள்.

வாயு நாற்றமோ, ‘உஸ்’ஸென்ற சத்தமோ வந்தால் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். விளக்கு ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் கூட்டிக் கொண்டு தூரப் போய், அங்கிருந்து டெலிபோன் செய்யுங்கள். மின்சாரம் தாக்கிய ஆளைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தினால்தான் அவரை நெருங்கலாம்.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. குழாயில் ஒரு சிறு கீறல் பட்டுவிட்டால்கூட, “யாருக்குத் தெரியப் போகிறது?” என்று மண்ணைத் தள்ளி மூட விடாதீர்கள். பெல்ஜியம் நாட்டில் கிஸ்லெங்கியென் என்று ஓர் ஊர். கும்மிடிப்பூண்டி போலவே அங்கும் ஒரு தொழிற்பேட்டை. கட்டட வேலையின்போது ஓர் இயந்திரம் பூமிக்கடியில் போன பெரிய எரிவாயுக் குழாயைக் கீறிவிட்டது. அன்று ஒன்றும் நேரவில்லை. பிறகு குழாயில் அழுத்தம் கூட்டப்பட்டபோது, காயம்பட்ட இடம் தாங்கவில்லை. 2004 ஜூலை 30-ந் தேதி காலை அது வெடித்ததில் 24 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வாயு கசிகிறதென்று கேட்டு ஓடி வந்த தீயணைப்பு வீரர்களும் மாண்டவர்களில் உண்டு.

பள்ளம் வெட்டும் நேரத்தில் ஆண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போயிருப்பார்கள். வாசலில் நிற்பது நாம்தான். ‘நமக்கு என்ன தெரியும்?’ என்று உள்ளே போய்விடாதீர்கள். மேஸ்திரிக்கு இருபது வருஷ அநுபவம் இருக்கலாம். ஆனால் உங்கள் வாசலில் அவர் தோண்டுவது அன்றுதான் முதல் தடவை.

என் தங்கையின் பெண் வீட்டில் ஸம்ப் இப்போது பின்கட்டில் இருக்கிறது. அதையும் அதே மேஸ்திரிதான் கட்டினார். வந்தவுடன், “அம்மா, இங்கே அடியிலே என்ன போகுதுன்னு விசாரிச்சீங்களா?” என்று முதலில் அவரே கேட்டாராம்!