தானாக நடக்கும் வேலையை யார் பார்ப்பது?

"எங்கட சேர்வரில் எல்லாம் ஓட்டோமெட்டிக்" என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிமார் நமது வர்த்தக சமூகத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கின்றனர். பில் போடுவது, கையிருப்பு, கடன் நிலுவை எல்லாம் கொப்பிகளை விட்டு, கடையின் பின்னறையில் ஓடும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. அதைப் பராமரிக்கும் இளைஞர் மாதத்தில் ஓரிரு தடவை வருவார். கறுப்புத் திரையில் நாலு வரி தட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் திரையில் என்ன நடக்கின்றது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம்.

அந்தக் கறுப்புத் திரைக்குக் கட்டளை வரி என்று பெயர். லினக்ஸ் சேர்வர்களைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் அதிலேயே வேலை செய்கின்றனர். அன்றாட வேலைகள் மந்திர வித்தை அல்ல. ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி உள்ளது என்று பார்க்க 'டிஎஃப்' என்றொரு கட்டளை. பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் பார்க்க 'டெயில்'. அதற்குள் பிழை என்ற சொல் எங்கெங்கு வருகின்றது என்று தேட 'கிரெப்'. மாற்றம் கண்ட கோப்புகளை மாத்திரம் இன்னொரு இடத்திற்குப் பிரதி எடுக்க 'ஆர்சிங்க்'. கணக்கப்பிள்ளை காலையில் வந்து காசுப் பெட்டியையும் நேற்றைய கொப்பியையும் பார்ப்பதைப் போன்ற வேலைகள்தான் இவை.

இந்தக் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஸ்கிரிப்ட். அதைக் குறித்த நேரத்தில் ஓட்டுவதற்கு 'கிரொன்' என்றொரு ஏற்பாடு உண்டு. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்பி, பக்கத்தில் கட்டளையை எழுதினால் போதும். 0 2 * * * என்று எழுதினால் தினமும் அதிகாலை 2 மணிக்கு அந்த வேலை தொடங்கும். பெருநாள் விடுமுறையிலும் தொடங்கும், மழை வெள்ளத்திலும் தொடங்கும். மனிதன் மறப்பான், கிரொன் மறக்காது. ஆகவே தன்னியக்கத்திற்கு நான் எதிரானவன் அல்ல.

ஆனால் கவனியுங்கள், 'தொடங்கும்' என்றுதான் சொன்னேன். ஒழுங்காக முடிந்ததா என்று கிரொன் ஆராய்வதில்லை. அந்த வேலை ஏதாவது செய்தியை வெளியிட்டால் அதை மின்னஞ்சலாக அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். பல சேர்வர்களில் அந்த மின்னஞ்சல் எவரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுகின்றது. இன்னும் சிலவற்றில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியே செய்யப்பட்டிருப்பதில்லை. கையால் தட்டும்போது ஓடும் ஸ்கிரிப்ட், கிரொனில் போட்டால் ஓடாமல் போவதும் உண்டு. கட்டளைகளை எங்கே தேடுவது என்ற பட்டியல் கிரொனுக்குச் சுருக்கமாகவே கொடுக்கப்பட்டிருப்பதே அதற்கு ஒரு காரணம்.

இதைவிட ஆபத்தான விடயம் ஒன்றுண்டு. வழமையாக ஒரு ஸ்கிரிப்டில் இரண்டு வேலைகள் இருக்கும். ஒன்று, இன்றைய கணக்கைப் பிரதி எடுப்பது. மற்றது, இடம் நிரம்பாமல் இருக்க 7 நாட்களுக்கு முந்திய பிரதிகளை அழிப்பது. ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடுவது அந்த மொழியின் சுபாவம். வேண்டாம் என்று எழுதியவர்தான் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? பிரதி எடுப்பது ஏதோ காரணத்தால் நின்றுவிடும். அழிப்பது மட்டும் நேர்மையாகத் தொடரும். சுமார் ஒரு வாரத்தில் கடைசி நல்ல பிரதியும் போய்விடும். பார்ப்பவர்க்கு இது தெரியவும் மாட்டாது. ஏனென்றால், பிரதியை ஒரு கோப்பில் எழுதும்படி கேட்டதும் முதலில் வெறும் கோப்பு ஒன்று உருவாகிவிடும். உள்ளே எதுவும் வராவிட்டாலும் பெயரும் இன்றைய திகதியும் அழகாக இருக்கும். அளவு மட்டும் பூச்சியம்.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்கு நோன்பு காலத்திற்குச் சற்று முன்னர் ஹார்ட் டிஸ்க் பழுதானது. பிரதிகள் இருந்த இடத்தைத் திறந்தால், மேலே சொன்னவாறு வெறும் கோப்புகள். வெளியூர்க் கடைகளுக்குப் போய், "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கடன்பட்டவரிடமே கேட்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. நல்ல மனிதர்கள் தமது பில்களை எடுத்துக் காட்டினர். எல்லோரும் அப்படியல்ல. அந்த வியாபாரி இளைஞரைத் திட்டினார். ஆனால், "எல்லாம் தானாக நடக்கின்றதே, உனக்கு எதற்கு மாதாமாதம் காசு?" என்று முந்திய வருடம் அவரது வருகையை நிறுத்தியதும் அதே வியாபாரிதான்.

சிறிய கடைக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கிட்லாப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் திகதி அதன் பொறியியலாளர் ஒருவர் துணைச் சேர்வரில் தட்ட வேண்டிய அழிப்புக் கட்டளையைப் பிரதான சேர்வரில் தட்டிவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் மாத்திரமே மிஞ்சியது. பிரதியைத் தேடியபோது, தரவுத்தளம் ஒரு பதிப்பிலும் பிரதி எடுக்கும் கருவி அதற்குப் பழைய பதிப்பிலும் இருந்ததால், தினசரிப் பிரதி தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியை அறிவித்த கிரொன் மின்னஞ்சல்களை, அனுப்புநர் உறுதிப்படுத்தப்படவில்லை என்று மின்னஞ்சல் முறையே நிராகரித்திருந்தது. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணித்தியாலம் முன்னர் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் பகிரங்கமாக எழுதி வைத்ததால்தான் இன்று நாமும் அதிலிருந்து படிக்கின்றோம்.

நமது நாட்டிலும் பாடம் இல்லாமலில்லை. 2023 ஆகஸ்ட் மாதம் அரசாங்க மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்தே தாக்கப்பட்டது, அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பற்ற பிரதி இருக்கவில்லை.

அப்படியானால் கணனி படிக்காத முதலாளி என்ன செய்வது? கட்டளைகளைப் பாடமாக்கத் தேவையில்லை. ஐந்து விடயங்களைக் கேட்டால் போதும்.

முதலாவது, சேர்வரில் எந்த வேலை எத்தனை மணிக்கு நடக்கின்றது என்ற பட்டியலைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இளைஞர் நாளை கட்டாருக்குப் போனாலும் கடை நிற்கக் கூடாது.

இரண்டாவது, தினமும் காலையில் பிரதியின் திகதியும் அளவும் கொண்ட ஒரு வரிச் செய்தி உங்கள் தொலைபேசிக்கு வரட்டும். நேற்று 200 மெகாபைட் இருந்தது இன்று பூச்சியமானால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். செய்தியே வராவிட்டால், அதுவே எச்சரிக்கை.

மூன்றாவது, புதிய பிரதி சரியென்று உறுதியான பின்னரே பழையதை அழிக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, ஒரு பிரதியாவது சேர்வரிலிருந்து கழற்றப்பட்டு, கடைக்கு வெளியே வேறொரு இடத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. மாதத்தில் ஒரு நாள், உங்கள் கண் முன்னே அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி அவரது நிலுவையைக் கேளுங்கள். தொகை சரியாக வந்தால்தான் அது பிரதி. திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக்கட்டு மாதிரி.

இத்தனையும் செய்ய அவருக்கு மாதம் ஒரு அரை நாள் போகும். அதற்கு முகம் சுளிக்காமல் காசு கொடுங்கள். தட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது நல்லது. ஆனால் பார்க்கும் வேலை இன்னும் மனிதனுடையதுதான். அதற்குரிய கூலியை மிச்சம் பிடிக்கும் முதலாளி, தன் வாடிக்கையாளர்களின் நினைவாற்றலையும் நேர்மையையும் நம்பித்தான் கடை நடத்துகின்றார்.