பிடி யாருடையது?

‘மலைக்காரங்க கையிலயும் ஃபேக்டரி கத்தி வந்துருச்சே, பாரம்பரியமெல்லாம் போச்சு’ என்று அங்கலாய்ப்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் கத்தியின் பிடியைப் பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டார்கள். வாரக்கடைசியில் ஜவ்வாதுமலை ஏறி இறங்கிப் பயணக்கட்டுரை எழுதும் நம் நண்பர்களுக்குக் கொல்லன் அடித்த இரும்பு என்றால் மரபு, ஆலையில் செய்த எஃகு என்றால் சீரழிவு. நடுவில் ஒன்றுமில்லை. நெல்லிவாசல்நாட்டில் நான் பார்த்ததெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

கடையில் அதற்கு ‘வேட்டைக்கத்தி’ என்று பெயர். வேட்டைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. மலையில் அது புளியங்கிளை கழிக்கும், பலாப்பழம் பிளக்கும், வேலிக்கு முள் வெட்டும். இரண்டு மழைக்காலம் தாங்கும் அலகுக்கு ஆறே மாதத்தில் விரிசல் விடும் பிளாஸ்டிக் பிடி. வியர்த்த கையில் வழுக்கும். நகரத்தில் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று ஆர்டர் போடுவோம். இங்கே பிடியை மட்டும் உடைத்து எறிகிறார்கள்.

பிறகு நடப்பதைக் கைவேலை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தில் போட்டால் காயக் காயச் சுருங்கி பிடி ஆடும், பிளக்கும். வெக்காலி மாதிரி வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் நல்லது. துண்டில் சிறு துளை போட்டு, வாய்ப்பக்கம் இரும்புப் பூண் மாட்டி, துளைக்குள் அரக்குப் பொடியை நிரப்ப வேண்டும். அலகில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு வாலை மட்டும் நெருப்பில் காய்ச்ச வேண்டும். துணி இல்லையென்றால் சூடு ஏறி அலகின் பதம் போய்விடும். காய்ச்சிய வாலைத் துளையில் இறக்கினால் அரக்கு உருகி மரத்தையும் இரும்பையும் கவ்விக்கொள்ளும். அலகோடு வால் நேராக இறங்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் வெட்டும்போது மணிக்கட்டு சொல்லிவிடும்.

‘கடைப் பிடிக்கு என்ன குறை?’ என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். ‘எல்லாருக்கும் ஒரே கையா சார்?’ என்றார்.

என் வாதமும் இதுதான். ஒரு கருவியில் தேய்வதும் முறிவதும் பெரும்பாலும் பிடி. அதைத் தானே மாற்றிக்கொள்ள முடிகிறவனுக்குத்தான் அந்தக் கருவி சொந்தம். ஜவ்வாதுமலைப் பக்கம் மரத்தடியில் சாமியாகக் கும்பிடும் புதிய கற்காலக் கோடாரிகளைப் பாருங்கள். கல் இருக்கிறது, காம்பு இல்லை. அந்தக் கல்லுக்கு எத்தனை காம்பு மாறியிருக்கும்! அப்போது அதை மரபு அழிந்ததாக யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஆலைக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. மண்வெட்டியை, கோடாரியைத் தலையாகத்தானே கடையில் விற்கிறார்கள்? காம்பு நம் பாடு. கத்திக்கு மட்டும் ஏன் உருக்கி ஒட்டிய பிடி, உள்ளே விரல் நீளம்கூட இல்லாத வால்? பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022இல் குழு அமைத்தபோது பட்டியலில் செல்பேசியோடு வேளாண் கருவிகளும் இருந்தன. அதைப் பற்றிப் பேசும் நாம் டிராக்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். கத்தி நம் கண்ணில் படுவதே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் மரம். 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்று வரிசையாகச் சொல்கிறது: மூங்கில், சுள்ளி, அடிக்கட்டை, தேன், மெழுகு, அரக்கு. ஒரு பிடிக்கு வேண்டியது ஒரு சாண் அடிக்கட்டையும் ஒரு பிடி அரக்கும். இரண்டும் அந்த வரிசையில் இருக்கின்றன. பரம்பரையாகச் சேகரித்துவரும் மலையாளிப் பழங்குடிகளுக்கு இவற்றின் மீது உடைமை உரிமையே உண்டு. ஆனால் தோளில் கத்தியும் கையில் கட்டையுமாக இறங்கும் மலைக்காரரைப் பார்த்தால் நம் மனதில் முதலில் வருவது ‘கடத்தல்’ என்ற சொல். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு இறந்த 20 பேரில் ஜவ்வாதுமலைக்காரர்களும் உண்டு. அவர்கள் ஏன் அங்கே கூலிக்குப் போனார்கள் என்று கேட்காமல், செய்தியைப் படித்ததோடு அந்தச் சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டோம்.

‘ஆளுக்கொரு கட்டை எடுத்தால் காடு என்னாவது?’ என்பார்கள். பட்டுப்போன கட்டையில் ஒரு சாண், அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை. வருஷா வருஷம் புதுக் கத்தி வாங்கி, பிளாஸ்டிக்கை ஓடையில் எறிவதைவிடக் காட்டுக்கு அது குறைந்த செலவு.

அதனால் மரபுக்காக உருகுகிறவர்கள் உருப்படியாக இரண்டு கேட்கலாம். கத்தியையும் பிடியில்லாமல், நீள வாலோடு விற்கட்டும். கருவிப் பிடிக்கான கட்டையும் அரக்கும் தங்கள் உரிமை என்று கிராம சபை தீர்மானம் போட்டால் வனத்துறை அதை மதிக்கட்டும். இரண்டையும் கேட்க வாய் வராதென்றால் பாரம்பரியம் போச்சு என்று புலம்பவும் வேண்டாம்.