மரக்கால் யார் கையில்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைக் கடப்பவர்களுக்கு வீட்டுமனை விளம்பரப் பலகைகள் புதியவையல்ல. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்த மேற்குப் புறநகரில் கல் நட்டு, எண்ணிட்டு விற்றது போக எஞ்சியிருக்கும் நிலம் சொற்பம். இங்கே மனை வாங்க வருபவர் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பாராமல் முன்பணம் தருவதில்லை. அவர் வீட்டுப் பிள்ளையின் கணினித் திரைக்கும் இப்போது நிலம் விற்க வந்துவிட்டார்கள்.

‘பிக்ஸல்ஸ்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பலர் ஒரே சமயத்தில் இணையத்தில் கூடி ஆடும் வேளாண்மை விளையாட்டு அது. 1980களின் வீடியோ கேம்களைப் போலக் கட்டம் கட்டமான புள்ளிகளால் ஆன உருவங்கள்; விதைக்கலாம், நீர் பாய்ச்சலாம், அறுக்கலாம். இந்தியர்கள் தொடங்கிய பாலிகன் பிளாக்செயினில் இருந்துவிட்டு 2023இல் ரோனின் என்ற பிளாக்செயினுக்கு இடம் பெயர்ந்தது. அதில் விற்கப்பட்ட பண்ணை நிலங்கள் 5,000. ஒவ்வொன்றும் ஒரு என்எஃப்டி. அதாவது, எவரும் அழித்தெழுத முடியாத பொதுப் பேரேட்டில் பதிந்த உடைமைப் பத்திரம். வாங்க வசதியில்லாதவர் இலவசமாகக் கிடைக்கும் சிறு துண்டில் பயிரிடலாம். அல்லது பிறர் நிலத்தில் உழைத்து, பலனில் ஒரு பங்கை நிலக்காரருக்கு விடலாம். தமிழில் இதற்கு வாரம் என்று பெயர்.

திரையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஐயாயிரத்தை ஐம்பதாயிரமாக்க நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். எதையும் கற்பனை செய்யும் சுதந்திரம் வாய்த்த இடத்தில் இவர்கள் நிலவுடைமையையும் வாரத்தையும் கற்பனை செய்திருக்கிறார்கள். கற்பனை வறட்சி என்று இதை ஒதுக்க நாம் தயாரில்லை. பஞ்சத்தை உண்டாக்கினால்தான் சேகரிப்புப் பொருளுக்கு விலை வரும்.

அந்தப் புள்ளி ஓவியம், பழைய கருவிகளின் நினைவகம் போதாமையால் பிறந்த அழகு. தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து மரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்களுக்கு அது கோடை விடுமுறையின் வாசனை. மரியோ சேர்த்த காசை யாரும் விற்கவில்லை. மின்சாரம் போனால் அதுவும் போயிற்று. அதற்கும் முன்பு தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அதில் அரிய படத்துக்கு மதிப்பு உண்டு, பேரமும் உண்டு, அழுகையும் உண்டு. ஆனால் ஒருவனுடைய படத்துக்காக இன்னொருவன் நாள் முழுதும் பாடுபட்டுப் பங்கு அளந்ததில்லை. 2017இல் 24க்கு 24 புள்ளிகளில் வரையப்பட்டு, பெரும்பாலும் இலவசமாகவே வழங்கப்பட்ட கிரிப்டோபங்க்ஸ் முகங்களுள் ஒன்று 2022இல் 8,000 ஈதருக்குக் கைமாறியது. அதன்பின் புள்ளி ஓவியத்தை வெறும் ஏக்கமாகப் பார்க்க எம்மால் இயலவில்லை.

டி. செல்வராஜின் ‘மலரும் சருகும்’ நாவலை வாசகர்கள் இங்கு நினைவுகூரலாம். நெல்லைச் சீமையின் குத்தகை விவசாயிகள் கள்ள மரக்காலை எதிர்த்து நடத்திய போராட்டம் அதன் கரு. வாரத்தின் விகிதம் எதுவாகவும் இருக்கட்டும். அளக்கும் மரக்கால் ஒருவர் கையிலேயே இருந்தால் அந்த விகிதத்துக்குப் பொருளில்லை. பேரேட்டை யாரும் திருத்த முடியாது என்கிறார்கள் பிளாக்செயின் ஆதரவாளர்கள். மெய்தான், பத்திரத்தைத் திருத்த முடியாது. ஆனால் விதை எத்தனை நேரத்தில் விளையும், அறுத்ததற்கு என்ன கிடைக்கும் என்பவை விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. பிக்ஸல்ஸில் முதலில் புழங்கிய பெர்ரி நாணயம் 2024இல் விலக்கப்பட்டு, பேரேட்டுக்கு வெளியே நிறுவனமே வைத்திருக்கும் நாணயம் அதனிடத்தில் வந்தது. காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். மரக்கால் மாறியது.

ரோனின் முதலில் உருவானதே ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற வியட்நாமிய விளையாட்டுக்காக. பெருந்தொற்றுக் காலத்தில் பிலிப்பைன்ஸில் வேலையிழந்த பலர் அதை ஆடிப் பிழைத்தார்கள். ஆட மூன்று ஆக்ஸிகள் வேண்டும். 2021இல் அவற்றின் விலை சில நூறு டாலர். ஆகவே உடையவர் இரவல் கொடுத்தார், வருவாயில் பங்கு எடுத்தார். இரவல் பெற்றவருக்கு வைத்த பெயர் ‘ஸ்காலர்’. (பண்ணையாளுக்கு இவ்வளவு மரியாதையான பெயர் முன்பு கிடைத்ததில்லை.) 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டியிருந்த எஸ்எல்பி என்ற கூலி நாணயம், அடுத்த ஆண்டின் நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. இடையில், 2022 பிப்ரவரியில், அன்றாடப் பணிகளுக்குத் தந்துவந்த எஸ்எல்பியை நிறுவனம் நிறுத்திவிட்டது. மார்ச்சில் ரோனினிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவு போயிற்று. வடகொரியாவின் லாசரஸ் குழுவின் கைவரிசை என்றது எஃப்பிஐ. செய்தியானது களவுதான். கூலி வீழ்ந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

நம் சட்டம் இத்தகைய சொத்தை மெல்ல அறிந்துகொண்டு வருகிறது. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதப் பிடித்தம். நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க வழியில்லை. 2025 அக்டோபரில், வசீர்எக்ஸ் சந்தை தொடர்பான வழக்கொன்றில், கிரிப்டோ நாணயமும் சொத்தே, பிறர் பொறுப்பில் ஒப்படைத்து வைக்கத்தக்கதே என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு என்றே கருதுகிறோம். ஆயினும் அது உடையவருக்குக் கிடைத்த காப்பு. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும் கண்ட மாநிலம் இது. உழுபவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று எழுதிவைக்க அன்று எத்தனை போராட்டம் தேவைப்பட்டது! திரையில் உழுபவரோ இன்று வரி செலுத்துபவராக மட்டுமே சட்டத்தின் கண்ணில் படுகிறார்.

விளையாட்டுதானே, பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாமே என்பார்கள். போகலாம். நிலக்காரர் பத்திரத்தை விற்றுவிட்டுப் போவார். வாரத்துக்கு உழுதவரின் கணக்கில், அத்தனை இரவுகளும் சேர்ந்து, விற்க முடியாத ஒரு நிலை எண்ணாக நின்றுகொண்டிருக்கும்.