நாலரை விரல் பிரௌன்

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் மார்டெகாய் பிரௌனுக்கு வைத்த பெயர் ‘மூன்று விரல்’. கணக்கு தப்பு. பந்து எறியும் வலது கையில் அவருக்கு மிச்சமிருந்தது நாலரை. பட்டப்பெயர் வைப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இண்டியானா மாநிலத்தில் 1876-ல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கை சிக்கி, ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போயிற்று. காயம் ஆறுவதற்குள் கீழே விழுந்ததில் மற்ற விரல்களும் ஒடிந்து, கோணல்மாணலாகக் கூடின. அந்தக் கையோடுதான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். சுரங்கத் தொழிலாளர்களின் டீமில் ஆடினார்.

பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் மூலதனம். இரண்டும் சேர்ந்து தள்ளினால் பந்து நேராகப் பறக்கும். பிரௌன் எறிந்த பந்தோ மொட்டை விரலில் உரசி, விசித்திரமாகச் சுழன்று, மட்டையை நெருங்கும்போது சட்டென்று தாழ்ந்தது. தூக்கி அடிக்க நினைத்தவர்கள் பந்தின் தலையில் தட்டித் தரையில் உருட்டிவிட்டு அவுட் ஆனார்கள். போலியோவில் சூம்பிய கையால் 1971-ல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 இங்கிலாந்து விக்கெட்டுகளைச் சாய்த்த சந்திரசேகரை அறிந்த இந்திய ரசிகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

ஊனமே வித்தையாகிவிட்டது என்று சொல்வது சுலபம். ஆனால் 26 வயதுவரை எந்தப் பெரிய லீக் அணியும் பிரௌனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1903-ல் எடுத்துக்கொண்ட செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஒரே சீசனில் அவரை சிகாகோ கப்ஸுக்குத் தள்ளிவிட்டது. நஷ்டம் யாருக்கு என்பது சீக்கிரமே தெரிந்தது. 1906-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.04 ரன்தான். 1907, 1908 இரண்டு வருஷமும் உலகத் தொடர் கோப்பை கப்ஸுக்கு. அடுத்த கோப்பைக்கு அந்த அணி 2016 வரை காத்திருந்தது.

1908 அக்டோபர் 8, நியூயார்க். ஜயன்ட்ஸ் அணியுடன் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். எதிரணியின் பிட்சர் கிறிஸ்டி மேத்யூசன்; கல்லூரியில் படித்தவர், பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை. முதல் இன்னிங்ஸிலேயே கப்ஸின் பிட்சர் தடுமாற, பிரௌனை இறக்கினார்கள். உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே கடைசிவரை எறிந்து 4-2 என்று முடித்தார்.

1916 செப்டம்பர் 4-ல் இருவரும் மீண்டும் மோதினார்கள். இருவருக்குமே அதுதான் கடைசி ஆட்டம். கைகளில் பழைய வேகம் இல்லை; ரன்கள் கொட்டின. 10-8 என்று மேத்யூசன் பக்கம் வென்றது.

239 வெற்றிகளோடு விடைபெற்ற பிரௌன், பின்னாளில் டெர்ரே ஹாட் நகரில் பெட்ரோல் பங்க் நடத்தினார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் 1949-ல் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் 1948-லேயே இறந்துவிட்டிருந்தார்.