எந்தச் சர்வகலாசாலை? பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகிற காலம் வந்து விட்டால் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஜில்லாக்களில் உள்ள பெற்றோர்களுக்கு ஒரு பெரிய கவலை பிடித்துக் கொள்ளுகிறது. "பிள்ளையைச் சர்க்கார் சர்வகலாசாலையில் சேர்ப்பதா, தனியார் சர்வகலாசாலையில் சேர்ப்பதா?" என்பதே அக்கவலை. கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அதைத் தீர்த்துக் கொள்ள அவர்கள் கையாளும் வழிதான் நமக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. ஒருவர் ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு ஜோசியர் வீட்டுக்குப் போகிறார். மற்றொருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த இடத்திலேயே தன் பிள்ளையையும் தள்ளி விடுகிறார். வேறொருவர் ரோட்டோரத்து விளம்பரப் பலகையையும் கட்டிடத்தின் உயரத்தையும் பார்த்து மயங்கி, இருக்கிற இரண்டு ஏக்கரையோ நான்கு தறியையோ அடகு வைத்து முன்பணம் கட்டி விட்டு வந்து விடுகிறார்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை வாங்கப் போகிற நமது குடியானவர் இப்படியா செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நடக்க விட்டுப் பார்க்கிறார். நான்கு பேரைக் கேட்கிறார். பிறகுதான் மடியை அவிழ்க்கிறார். மாட்டுக்குக் காட்டுகிற பகுத்தறிவைத் தான் பெற்ற பிள்ளையின் படிப்புக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்கின்றோம்.

முதலில் நம் ஊரில் உள்ளவை என்னென்ன என்பதைப் பார்ப்போம். கோயமுத்தூர் சர்க்கார் கலைக் கல்லூரி 1852-இல் தோன்றியது. சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் ஆரம்பித்த விவசாயப் பள்ளி 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பக்கத்திலேயே 1912-இல் சர்க்கார் ஏற்படுத்திய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான கோ. 205 என்ற கரும்பு, 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போயிற்று. எந்த யாகத்தாலும் பூஜையாலும் அந்தக் கரும்பு முளைக்கவில்லை; பொதுப் பணத்தில் வளர்ந்த விஞ்ஞானத்தால் முளைத்தது. பிறகு 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதற்கு முன் நம் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைச் சர்வகலாசாலையைப் பார்த்துக் கொண்டிருந்தவைகளே. மருதமலை அடிவாரத்தில் குடியானவர்களுடைய நிலத்தை எடுத்தே அது கட்டப்பட்டது. நிலம் கொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்காகப் பல வருஷங்கள் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்கள். ஆகவே அது யாரோ கொடுத்த தானமல்ல. நம்முடைய மண்ணிலும் நம்முடைய வரியிலும் நிற்கிற நம்முடைய சொத்து.

இனி மற்றொரு பக்கம். கிறிஸ்தவப் பிரசங்கியார் டி.ஜி.எஸ். தினகரன் அவர்கள் 1986-இல் ஆரம்பித்த காருண்யா கல்லூரி, 2004-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாதா அமிர்தானந்தமயி அம்மையார் மடத்தாரின் எட்டிமடைக் கல்லூரி 1994-இல் ஆரம்பித்து, 2003-இல் அமிர்தா என்ற நிகர்நிலையாயிற்று. கற்பகம் 2008-இல் அந்த அந்தஸ்தைப் பெற்றது. நிகர்நிலை என்பது என்னவென்றால், 1956-ம் வருஷத்திய பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-வது பிரிவின் கீழ், "இதுவும் ஒரு சர்வகலாசாலை போலத்தான்" என்று மத்திய சர்க்கார் சொல்லி விடுவதேயாகும். நிகர்நிலை என்றாலே முதலாளி வியாபாரம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1957-இல் பெண்களுக்கென்றே துவங்கி 1988-இல் நிகர்நிலையான அவினாசிலிங்கம் நிலையம் பொதுப்பணம் பெற்று நடப்பதுதான்.

தனியார் இடத்தில் படிப்பே இல்லை என்று சொல்லுவதும் நமது நோக்கமல்ல. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். மத்திய சர்க்காரின் 2024-ம் வருஷத்துத் தரவரிசையில் இந்தியச் சர்வகலாசாலைகளுக்குள் அமிர்தா 7-வதாக வந்திருக்கிறது. பூளைமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்து 1926-இல் ஏற்படுத்திய ஸ்தாபனம் எத்தனையோ ஆயிரம் பேரைப் படிக்க வைத்திருக்கிறது. ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியால் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் துவங்கிய தொழிற்கல்லூரிதான் இன்று தடாகம் ரோட்டில் சர்க்கார் பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. தனி மனிதர் பணம் பொதுக் கதவைத் திறந்து வைத்ததற்கு இவைகளெல்லாம் உதாரணம்.

ஆகவே நாம் கேட்கிற கேள்வி, "நடத்துகிறவர் சர்க்காரா, தனியாரா?" என்பது மாத்திரமல்ல. "இந்தக் கதவு எதைக் கண்டால் திறக்கிறது? நம் பிள்ளையின் உரிமையைக் கண்டா, நம் மடியில் உள்ள பணத்தைக் கண்டா?" என்பதே நமது கேள்வி.

இந்தக் கேள்வி இன்று நேற்று உண்டானதல்ல. ஒரு காலத்தில் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பது முதல்வர் ஸ்தானத்தில் இருந்தவர்களுடைய இஷ்டமாயிருந்தது. அந்த ஸ்தானங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாருடைய பிள்ளைகள் உள்ளே போனார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1922-இல் பனகால் அரசர் மந்திரிசபை, மாணவர்களைச் சேர்ப்பதற்குக் கமிட்டிகள் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, அந்த ஏகபோகத்தின் முதல் பூட்டை உடைத்தது. வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று 1951-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அந்த வருஷமே அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. அந்த வழியில் வந்ததுதான், 1994-ம் வருஷத்துச் சட்டத்தால் காப்பாற்றப்பட்டிருக்கிற 69 சதவிகிதப் பங்கீடு.

இன்று அதன் பலன் எங்கே கிடைக்கிறது? சர்க்கார் சர்வகலாசாலையில் கிடைக்கிறது. சர்க்கார் கல்லூரியில் கிடைக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியானாலும் பொதுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கப்படும் இடங்களில் கிடைக்கிறது. சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 100-க்கு 65 இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 இடங்களையும் அவ்விதம் ஒப்படைக்கின்றன. ஆனால் தனியார் நிகர்நிலையாரோ இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. தாங்களே விண்ணப்பம் விற்று, தாங்களே பரீட்சை வைத்து, தாங்களே பொறுக்கிக் கொள்ளுகிறார்கள். 1922-இல் உடைத்த பூட்டு வேறு சாவியோடு திரும்பி வந்திருக்கிறது. அன்று அச்சாவிக்குப் பெயர் ஜாதி, இன்று பணம். பணம் எந்த ஜாதியிடம் அதிகம், எந்த ஜாதியிடம் இல்லை என்று யோசித்துப் பார்த்தால், இரண்டு சாவிக்கும் அதிக வித்தியாசமில்லை என்பது விளங்கும்.

கொங்கு நாட்டில் ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் அருந்ததியத் தோழர்கள். அவர்களுக்கென 2009-இல் 3 சதவிகித உள்ஒதுக்கீடு செய்யப்பட்டது. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் இவ்வித உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லி விட்டது. அந்த மூன்று சதவிகிதத்தைப் பிடித்துக் கொண்டு ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியும். எந்தத் தனியார் நிகர்நிலை வாசலில் போய் அந்தப் பெண் அந்த மூன்று சதவிகிதத்தைக் கேட்பது?

கணக்கும் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வு இடங்களுக்கு, சுயநிதிக் கல்லூரிகளில் வருஷத்துக்கு 50,000 முதல் 55,000 ரூபாய் வரை என்று கட்டண நிர்ணயக் கமிட்டி 2017-இல் வரம்பு வகுத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் அது வருஷத்துக்கு 25,000 ரூபாய். நான்கு வருஷத்தில் ஒரு லட்சம் மிச்சம். சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 2021-ம் வருஷத்துச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகிதம் தனி இடம். அவ்விடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றுக் கொள்ளுகிறது. இவ்வளவும் பொதுக் கதவின் வழியாகப் போகிறவனுக்குத்தான். தனியார் நிகர்நிலையிலோ கட்டணத்தை அவர்களே நிர்ணயிக்கிறார்கள். மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது போல, நன்கொடை என்றும், விடுதி என்றும், பஸ் என்றும் கூடிக் கொண்டே போகிற தொகை, பிள்ளை உள்ளே போன பிறகுதான் தகப்பனாருக்கு முழுவதும் தெரிகிறது.

இதில் மத சம்பந்தமான மயக்கம் வேறு. "சாமியார் நடத்துகிற இடம், ஒழுக்கம் இருக்கும்" என்கிறார் ஒருவர். "ஜெபம் செய்கிறவர் நடத்துகிற இடம், ஆசீர்வாதம் கிடைக்கும்" என்கிறார் மற்றொருவர். தோழர்களே, ஜெபத்தால் கணக்கு வராது. பஜனையால் இயந்திரம் ஓடாது. அங்கே நல்ல வாத்தியாரும் நல்ல ஆராய்ச்சிச் சாலையும் இருந்தால் அதற்காகப் பாராட்டுங்கள். சாமியாருக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நிற்க. "சர்க்கார் சர்வகலாசாலையின் யோக்கியதை உங்களுக்குத் தெரியாதா?" என்று சிலர் கேட்பார்கள். தெரியும். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரே, ஆசிரியர் வேலைக்கு லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். 2022-இன் இறுதிக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேலாக அங்கே துணைவேந்தரே இல்லாமல் கமிட்டியை வைத்துக் காரியம் நடந்தது. கவர்னருக்கும் மாநில சர்க்காருக்கும் நடந்த சண்டையில் மாணவன் நசுங்கினான். இவைகளை மூடி மறைப்பது நமது வேலையல்ல.

ஆனால் இதற்குப் பரிகாரம் என்ன? கிணற்றில் தவளை விழுந்தால் தூர் வாருவோமா, அல்லது கிணற்றை மூடி விட்டு ஆயுள் முழுவதும் தண்ணீர் லாரிக்காரனிடம் காசு கொடுப்போமா? பொது ஸ்தாபனத்தில் லஞ்சம் நடந்தால் கைது செய்ய இலாகா இருக்கிறது. சட்டசபையில் கேட்க ஆள் இருக்கிறது. தகவல் சட்டத்தில் கணக்குக் கேட்க வழி இருக்கிறது. நம் பக்கத்திலேயே பெருந்துறை வைத்தியக் கல்லூரியைப் பாருங்கள். போக்குவரத்துக் கழகத்தார் சம்பந்தப்பட்ட ஸ்தாபனமாக இருந்து லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி வந்த அது, சர்க்கார் வசம் வந்து, மாணவர்கள் போராடிய பிறகு 2021-இல் சர்க்கார் கல்லூரிக் கட்டணத்துக்கு இறங்கி வந்தது. ஜனங்கள் கேட்டால் பொதுக் கதவு அகலும் என்பதற்கு இது சாட்சி. கேட்காமலிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2025 அக்டோபரில், இருக்கிற கல்லூரிகளே தனியார் சர்வகலாசாலையாக மாறிக் கொள்ள வழி செய்யும் மசோதா ஒன்று சட்டசபையில் நிறைவேறியது. ஆசிரியர்களும் மாணவர்களும் கூச்சலிட்ட பிறகே அது மறுபரிசீலனைக்கென்று திரும்பப் பெறப்பட்டது. கூச்சலிட ஆளில்லாதிருந்தால்?

"எங்களுக்கு உயர்ந்த தரச் சான்றிதழ் இருக்கிறதே" என்கிற விளம்பரத்தையும் வேதவாக்காக எடுத்துக் கொள்ள வேண்டாம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்து நிகர்நிலை ஒன்றுக்கு நல்ல தரம் போடுவதற்கு லஞ்சம் வாங்கினார்கள் என்று, பார்வையிட வந்த கமிட்டிக்காரர்களையே மத்தியப் போலீசார் கைது செய்தார்கள். சான்றிதழையும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு, அதை எழுத்தில் கொடுப்பீர்களா? போன வருஷம் நம் பிள்ளை எடுக்கப் போகிற பாடத்தில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது? (ஒருவனுக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் பலகையில் எழுதுகிறவர்கள், மற்ற ஐந்நூறு பேரின் கதையைச் சொல்ல வேண்டும்.) அந்தப் பாடத்தில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்து விலகினால் பணம் திரும்ப வருமா? அசல் சர்டிபிகேட்டுகளை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது; அதைக் கேட்கும் தைரியம் நமக்கு வேண்டும். இதே கேள்விகளைச் சர்க்கார் கல்லூரியிலும் கேளுங்கள். பதில் சரியாக இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுங்கள்; சட்டசபை அங்கத்தினர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பணம் உள்ளவர் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கட்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் தறியை விற்றுத்தான் படிக்க வைக்க வேண்டும் என்கிற நிலையில் உள்ளவர், கலந்தாய்வு முடிகிற வரை ஒரு பைசாவும் வெளியே கொடுக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். பிள்ளை ஒரு வேளை விரும்பிய பாடத்தில் சேராமற் போகலாம். ஆனால் கடனில்லாமல் வெளியே வருவான், எவருக்கும் கைகட்டி நிற்காமல் வெளியே வருவான். கல்வியின் பயன் சுயமரியாதை என்றால், அது சேருகிற நாளன்றே ஆரம்பிக்க வேண்டும். நம்முடைய முன்னோர் கிளர்ச்சி செய்து திறந்து வைத்த கதவு ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அதன் வழியாக நம் பிள்ளைகள் போகட்டும். அது துருப்பிடிக்காமல் பார்த்துக் கொள்ளுகிற வேலையை நாம் செய்வோம்.